ட்ரக்கியாஸ்டமி: முதல் வாரத்திலா, பத்து நாள் கழித்தா?

கொரோனா நிமோனியாவில் வாய் வழி டியூபுடன் வென்டிலேட்டரில் கிடப்பவருக்குக் கழுத்தில் துளையிட்டு டியூப் வைப்பதை (ட்ரக்கியாஸ்டமி), பத்து நாளுக்குப் பிறகு செய்வதே எங்கள் தேர்வு.

சீக்கிரம் செய்தால் மயக்க மருந்து குறையும், வாயைச் சுத்தம் செய்வதும் சளி உறிஞ்சுவதும் சுலபம், குரல்வளை நசுங்காது. யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் பிரிட்டனில் 909 பேரிடம் நடந்து 2013-ல் வெளியான ட்ராக்மேன் ஆய்வில், நான்கு நாளுக்குள் செய்த குழுவிலும் பத்து நாள் பொறுத்த குழுவிலும் 30 நாள் இறப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: 30.8, 31.5 சதவீதம். பொறுத்த குழுவில் சுமார் 45 சதவீதம் பேருக்குத்தான் துளையே தேவைப்பட்டது. கொரோனாவுக்கு முந்தைய, பலவகை நோயாளிகளின் கணக்கு இது. அப்படியே பொருத்திவிட முடியாது.

எங்களைத் தீர்மானிக்க வைப்பது, ஆக்சிஜன் ஏறுவதற்காகக் கவிழ்த்துப் படுக்கவைப்பதுதான். முதல் வாரத்தில் இவர்களில் பலர் நாளுக்கு 16 மணி நேரம் குப்புறக் கிடப்பார்கள். புதுத் துளையின் பாதை உறுதிப்பட ஏழு நாளாவது ஆகும். அதற்குள் திருப்பும்போது டியூப் நழுவினால் சதை மூடிக்கொள்ளும். கழுத்து வழியே தடவி மறுபடி நுழைத்தால், அது மூச்சுக்குழாய்க்கு முன்னால் உள்ள திசுவில் போய் நிற்கும்; காற்றடித்தால் கழுத்து உப்பும். ஆளை மல்லாத்தி, வாய் வழியாகவே டியூப் போட வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தை இந்த நுரையீரல் தாங்காது.

துளையிடும்போதும் இதே சிக்கல்தான். முழுத் தசைத் தளர்வு கொடுத்து, ஐந்து நிமிடம் 100 சதவீத ஆக்சிஜன். வாய் டியூபின் நுனியில் காற்று நிரப்பும் பலூன் (கஃப்), நாங்கள் வெட்டும் இடத்துக்குக் கீழே போகும்படி அந்த டியூபை உள்ளே தள்ளுகிறோம். வென்டிலேட்டரை நிறுத்திய பிறகே மூச்சுக்குழாயைத் திறக்கிறோம். புது டியூபின் கஃப் நிரம்பி, வைரஸ் ஃபில்டர் மாட்டிய பிறகே காற்று. இடைப்பட்ட நேரத்தில் பீப், அதாவது மூச்சை விட்ட பிறகும் நுரையீரலை விரித்து வைக்கும் அழுத்தம், போய்விடும், நுரையீரல் சுருங்கிவிடும். அதனால் வென்டிலேட்டர் கொடுக்கும் ஆக்சிஜன் 50 சதவீதத்துக்குள், பீப் 10-க்குள், கவிழ்க்காமல் 24 மணி நேரம் தாக்குப்பிடித்தவரையே மேசைக்கு எடுப்போம்.

2020-ல் பலரும் 14 நாள், 21 நாள் என்று தள்ளிப்போட்டது ஊழியருக்குத் தொற்றும் என்ற பயத்தில். தடுப்பூசியும் பாதுகாப்பு உடையும் வந்தபின் அந்தக் காரணம் வலுவிழந்தது. நாங்கள் பொறுப்பது நோயாளியின் நுரையீரலுக்காக. அது தயாரான பிறகும் இழுத்தடித்தால் குரல்நாண் புண்ணும் மூச்சுக்குழாய்ச் சுருக்கமும்தான் மிஞ்சும்.

கூடவே பக்கவாதம் வந்தவர், வாய் டியூபை எடுத்த பிறகு தானாக மூச்சுவிட முடியாமல் இரண்டு முறை தோற்றவர் என்றால், கவிழ்க்கும் தேவை முடிந்ததுமே செய்துவிடலாம். எக்மோவில் (ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் கருவி) இருப்பவருக்கு ஆக்சிஜனை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. அங்கே பயம் ரத்தப்போக்கு. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினைச் சில மணி நேரம் நிறுத்தி, முன்கூட்டியே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எக்மோ நோயாளிகளுக்கு நாள் கணக்கு சொல்லும் அளவுக்கு எங்கள் கை பழகவில்லை.