எஃப்.பி.ஐ.யின் 'தி வால்ட்': வேற்றுகிரக உடல்கள் பற்றிய கோப்புகளைப் படிக்க ஏற்ற இடமா?

அமெரிக்க அரசு வேற்றுகிரகவாசிகளின் உடல்களை ரகசியமாக ஆராய்ந்தது என்று வாதாடுகிறவர்கள் ஆதாரமாகக் காட்டும் தாள்களில் முக்கியமான சில, எஃப்.பி.ஐ. தன் பழைய கோப்புகளைப் பொதுமக்கள் படிக்க 2011-இல் திறந்த 'தி வால்ட்' இணையதளத்தில் இருக்கின்றன. கட்டணம் கிடையாது. சுற்றில் வரும் துண்டுப் படங்களை நம்புவதைவிட இங்கே முழுக் கோப்பையும் படிப்பது எவ்வளவோ மேல்.

முதலில் 'மெஜஸ்டிக் 12' கோப்பைத் திறங்கள். ஐசன்ஹோவர் அதிபராகப் பதவியேற்கும் முன் அவருக்காக 1952 நவம்பர் 18 அன்று தயாரித்ததாகச் சொல்லிக்கொள்ளும் ரகசியக் குறிப்பு அது. 1947-இல் பறக்கும் தட்டு விழுந்ததாகப் பேசப்படும் ரோஸ்வெல் (நியூ மெக்சிகோ) அருகே 4 சிறிய உடல்கள் கிடைத்தன, உயிர் இயற்பியல் அறிஞர் டெட்லெவ் பிராங்கின் குழு அவற்றை ஆராய்ந்தது, 'வேற்றுலக உயிரியல் உருக்கள்' என்று பெயரிட்டது என்கிறது. ஆனால் தாளின் குறுக்கே பெரிய எழுத்தில் 'போகஸ்' (போலி) என்று கிறுக்கியிருக்கும். 1988-இல் இந்தத் தாள்கள் எஃப்.பி.ஐ.யின் கைக்கு வந்தன. விமானப்படை விசாரித்துப் போலி என்றது. சுற்றில் விடுகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கிறுக்கல் இல்லாத பிரதியைத்தான் காட்டுவார்கள். குறிப்போடு இணைந்த கடிதத்தில் உள்ள, ஐசன்ஹோவருக்கு முந்தைய அதிபர் ட்ரூமனின் கையெழுத்தும், அவர் 1947 அக்டோபர் 1 அன்று எழுதிய உண்மையான கடிதத்தின் கையெழுத்தும் கோட்டுக்குக் கோடு பொருந்துகின்றன. ஒரே ஆள் இருமுறை போட்டாலும் கையெழுத்து அப்படி அமையாது.

அடுத்தது 'கை ஹாட்டல்' (Guy Hottel) குறிப்பு; எஃப்.பி.ஐ.யின் வாஷிங்டன் அலுவலகத் தலைவராக இருந்தவர் அவர். தேதி 1950 மார்ச் 22. ஒரே பக்கம். 50 அடி அகலப் பறக்கும் தட்டுகள் மூன்று, ஒவ்வொன்றிலும் 3 அடி உயர உடல்கள் மூன்று, மெல்லிய உலோகத் துணி. தாள் என்னவோ உண்மையான எஃப்.பி.ஐ. தாள்தான். ஆனால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்ல, அதைக் காதில் வாங்கி எழுதியது. மேற்கொண்டு எதையும் ஆராயவில்லை என்று கடைசி வரியே சொல்கிறது. அந்த வரியை விட்டுவிட்டுப் பகிர்வது பெரிய தவறு.

மறைத்த இடங்களைக் கண்டதும் பதறாதீர்கள். ஏன் மறைத்தார்கள் என்பதைச் சொல்லும் குறி ஓரத்தில் இருக்கும், அதைப் பாருங்கள்: பி6, பி7சி என்றால் தனிநபர் பெயர், பி7டி என்றால் தகவல் தந்தவரின் அடையாளம், பி1 என்றால்தான் தேசப் பாதுகாப்பு.

குறைகளும் உண்டு. பல பக்கங்கள் மங்கிய தட்டச்சுப் பிரதியின் ஸ்கேன் என்பதால் தேடுபெட்டி நிறையச் சொற்களைத் தவறவிடும். 'யுஎஃப்ஓ' (அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்) கோப்பு பல பகுதிகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொன்றையும் பதிவிறக்கி, பெரிதாக்கி, பக்கம் பக்கமாகக் கண்ணால் பார்ப்பதே சரி.

மெஜஸ்டிக் 12-க்கு ஆதாரமாகக் காட்டும் இன்னொரு தாள், ஐசன்ஹோவரின் உதவியாளர் ராபர்ட் கட்லர் எழுதியதாகச் சொல்லப்படும் குறிப்பு. 1954 ஜூலை 14 தேதியிட்ட அதற்கு அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் விளக்கத்தைப் படியுங்கள். அந்தத் தேதியில் கட்லர் நாட்டிலேயே இல்லை என்பதையும், தாளில் உள்ள ரகசிய முத்திரைச் சொல் பிற்கால அதிபர் நிக்சன் காலத்தில்தான் புழக்கத்துக்கு வந்தது என்பதையும் அங்கே வரிசையாக எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்.