மட்டமான டி-34/85 கிட்: பார்ட்ஸ் வாங்கலாமா, கையால சரிபண்ணலாமா?

டி-34/85ங்கற சோவியத் டேங்கோட 1/35 (நிஜத்துல 35ல ஒரு பங்கு) பிளாஸ்டிக் மாடல் கிட், மலிவா கிடைச்சுதுன்னு வாங்கிட்டு பாக்ஸைத் திறந்தா பாதிப் பேருக்கு இந்தக் குழப்பம்தான் வருது.

செலவு: மெட்டல் பேரல் (பீரங்கிக் குழாய்), தனித்தனி கண்ணியா கோக்கற லிங்க் டிராக் (சக்கரத்தைச் சுத்தி ஓடற பட்டை) ரெண்டும் தனியா வாங்கினா கிட் விலையையே தாண்டிடும். கையாலன்னா புட்டி, சாண்ட்பேப்பர், பழைய ஒயருக்குள்ள இருக்கற செம்புக் கம்பி, அவ்ளோதான்.

டிராக்: இங்க வாங்கறதுதான் பெஸ்ட். டி-34ல ரிட்டர்ன் ரோலரே (மேல் டிராக்கைத் தாங்கற சின்ன உருளை) கிடையாது, மேல் டிராக் சக்கரத்து மேலயே தொய்ஞ்சு படுத்திருக்கும், கிட்ல வர்ற ரப்பர் டிராக் விறைப்பா அந்தரத்துல நிக்கும். சூப்பர் க்ளூ வச்சு அழுத்தி ஒட்டலாம், ஆனா எனக்கு ரெண்டு மாசத்துல பிச்சுக்கிட்டு எழும்பிடுச்சு.

டரெட் (பீரங்கி இருக்கற சுழலும் மேல் பகுதி): இதுக்குக் காசே வேணாம். நிஜத்துல அது வார்ப்பு, மேல்பரப்பு சொரசொரன்னு இருக்கும், கிட்ல கண்ணாடி மாதிரி வழவழன்னு வரும். பிளாஸ்டிக் க்ளூ தடவி, இளகினதும் பழைய கெட்டி பிரஷ்ஷால குத்திக்கிட்டே வாங்க, காஞ்சதும் லேசா தேய்ங்க, அவ்ளோ அழகா வரும். ஹல் (டேங்கோட கீழ் உடம்பு) வெல்டிங் பண்ண தகடு, அதைத் தொடாதீங்க.

கைப்பிடி: கிட்ல இருக்கறதைச் செதுக்கி எடுத்துட்டு செம்புக் கம்பியை வளைச்சு ஒட்டுங்க.

பேரல்: 85 மி.மீ.ன்னா ஸ்கேல்ல வாய் 2.4 மி.மீ. நடு ஜாயின்ட்டைத் தேய்ச்சு வாயைத் துளைச்சா போதும்.

முதல் டேங்க்னா எல்லாமே கையால பண்ணுங்க. ஷெல்ஃப்ல வச்சுப் பாக்கப் போறீங்கன்னா டிராக் மட்டும் வாங்குங்க.