இடிமழையைத் தொடரும் வண்டிக்கு எந்த ஆன்டெனா?

மதுரையிலிருந்து இடிமழையைப் பின்தொடரும், பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ஹாம் ரேடியோக்காரர்கள் வண்டிக்கு ஆன்டெனா வாங்கும்போது பெரும்பாலும் நீளத்தைப் பார்த்தே முடிவெடுக்கிறோம். நீண்ட கம்பி தொலைவுக்குப் பேசும் என்பது ஓரளவு உண்மைதான். ஆனால் சித்திரை, வைகாசிக் கோடைமழையிலும் ஐப்பசி அடைமழையிலும் நம் பக்கத்துச் சாலைகளில் ஓடும் வண்டிக்கு அந்த உண்மை எவ்வளவு பயன்படும் என்பது வேறு கேள்வி. உரிமம் பெற்றவர்கள் அதிகம் புழங்கும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இரண்டு மீட்டர் அலைவரிசைப் பட்டையை வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

முதல் போட்டி கால் அலைக் கம்பிக்கும் எட்டில் ஐந்து அலைக் கம்பிக்கும் இடையிலானது. 145 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 207 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு 52 என்றாலும், நடைமுறையில் முன்னது ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் இருக்கும். பின்னது, அடியில் ஒரு காயிலுடன், 130 சென்டிமீட்டரை ஒட்டி நிற்கும். நீளமானது கால் அலையைவிட 3 டெசிபல் கூடுதலாகத் தரும் என்று விளம்பரங்களில் போடுவார்கள். அது எல்லையற்ற உலோகத் தளத்தின் மேல் நிறுத்தினால் கிடைக்கும் கணக்கு. ஜீப்பின் கூரையில் ஒன்று, ஒன்றரை டெசிபல் கிடைத்தாலே நல்லது. எதிர்முனையில் ஏற்கெனவே தெளிவாகக் கேட்கும் எப்.எம். குரலில் அந்த வித்தியாசம் காதுக்கே எட்டாது. இரைச்சலுக்குள் குரல் பாதி மூழ்கியிருக்கும் விளிம்பில்தான் அது கைகொடுக்கும்.

அந்த விளிம்பு எங்கே வருகிறது என்பதை நிலமே தீர்மானிக்கிறது. மானாமதுரையைத் தாண்டிப் பரமக்குடி, ராமநாதபுரம் நோக்கிப் போனால் கண்மாயும் கருவேலங்காடுமாகத் தரை தட்டையாக விரிந்து கிடக்கும். அங்கே அலையைத் தாழ்கோணத்தில் குவித்து அனுப்பும் நீண்ட கம்பி சந்தேகமின்றி வெல்கிறது. அமெரிக்காவின் கான்சஸ், ஒக்லஹோமா சமவெளிகளில் புயல் துரத்துபவர்களின் வண்டிகளில் நெடிய கம்பிகளைப் பார்த்து நாம் ஆசைப்படுவதும் அந்த நிலம் தட்டையானது என்பதை மறந்துவிட்டுத்தான். மேற்கேயும் வடக்கேயும் நமக்கு வாய்த்திருப்பது நாகமலை, சிறுமலை, அழகர்மலை. மலையடிவாரத்தில் நிற்கும் வண்டிக்கு அலை முகட்டில் வளைந்தும் பாறையில் பட்டுத் திரும்பியும் மேலிருந்தே வந்து சேர்கிறது. அதைப் பிடிப்பதற்கு, சற்று உயர்ந்த கோணத்திலும் தாராளமாகப் பரவும் கால் அலையே போதும்.

காற்றும் மரமும் இன்னும் கறாரான நடுவர்கள். ஆறடி உயர ஜீப்பின் மேல் நாலேகால் அடிக் கம்பி நின்றால் மொத்த உயரம் பத்தடியைத் தாண்டிவிடும்; நத்தம் பக்கத்து உட்சாலைகளில் மழையில் நனைந்து கனத்த புளியங்கிளைகள் அந்த உயரத்துக்குத்தான் இறங்கியிருக்கும். வாடிப்பட்டிக்கு அருகே ஒரு மாலையில், எதிர்காற்றில் என் நீண்ட கம்பி பின்னோக்கி வில்லாக வளைந்து, விட்டதும் முன்னால் துள்ளிக்கொண்டே வந்தது. அந்த ஆட்டத்துக்கு ஏற்ப எதிர்முனைக்காரரின் குரல், விசிறிக்கு முன்னால் நின்று பேசுபவரின் குரலைப் போல நறுக்கு நறுக்காகக் கேட்டது. கம்பி சாயும்போது அது குவித்து அனுப்பும் கோணமும் கூடவே சாய்வதுதான் காரணம். குட்டைக் கம்பி அவ்வளவு வளைவதில்லை.

அரை அலைக் கம்பியை இந்தச் சண்டையில் சேர்க்கத் தேவையில்லை. அதன் களம் வேறு. அடியில் உலோகத் தளம் இல்லாமலும் அது வேலை செய்யும் என்பதால், தார்ப்பாய் போட்ட சரக்கு வண்டிக்கும் பைபர் கூரைக்கும் அதைத் தவிர வேறு நல்ல வழியில்லை. இரும்புக் கூரை இருப்பவர் அதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

கம்பியைவிட அதைப் பொருத்தும் விதத்துக்கே நான் அதிக மதிப்பெண் தருவேன். கூரையின் நடுவில் நிற்கும் மலிவான கால் அலை, பம்பரில் நிற்கும் விலையுயர்ந்த நீண்ட கம்பியை எளிதாகத் தோற்கடிக்கும். பம்பரில் வைத்தால் வண்டியின் உடலே ஒரு பக்கத்தை மறைத்துவிடுகிறது. காந்த மவுண்ட் வசதியானது, துளை போட வேண்டியதில்லை. ஆனால் அதைத் தூக்கிப் பார்த்தால் அடியில் வட்டமாகச் செம்மண் துகள் ஒட்டியிருக்கும். அதிர்வில் அது உப்புத்தாளைப் போலப் பெயின்டைத் தேய்த்துவிடும். கேபிள் கதவு ரப்பருக்கு அடியில் நசுங்குவதும், அதன் வழியே மழைநீர் உள்ளே வழிவதும் வேறு. மேலூர் தாண்டி ஒரு முறை எஸ்.டபிள்யூ.ஆர்., அதாவது ஆன்டெனாவுக்குப் போகாமல் திரும்பும் சக்தியைக் காட்டும் அளவு, 1.3-லிருந்து 3-க்கு ஏறியது; அனுப்பும் சக்தியில் கால் பங்கு திரும்பி வருகிறது என்று பொருள். கம்பியைத்தான் முதலில் சந்தேகித்தேன். கனெக்டரைத் திருகியபோது உள்ளிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விரலில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் கூரையில் துளை போட்டு நிலையான மவுண்ட் வைத்தேன்; வீட்டில் கிடைத்த திட்டு தனிக்கதை.

தொலைதூரத்துக்கென 7 மெகாஹெர்ட்ஸ் கம்பி வைப்பவர்களும் உண்டு. அந்தப் பட்டையில் கால் அலையே 10 மீட்டரைத் தாண்டும் என்பதால், வண்டியில் நிற்பது காயிலால் குறுக்கிய, இரண்டு மீட்டர் நீளமுள்ள கம்பிதான். ஊட்டும் சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகவே போய்விடும். இடி பக்கத்தில் இருக்கும்போது ரிசீவரில் மின்னலின் படபடப்பைத் தவிர எதுவும் கேட்காது. ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜாவைப் போன்ற புயல் மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போன மறுநாள், குரலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் நிலையமும் செல்போன் கோபுரமும் ஓய்ந்திருக்கையில், பகல் வேளையில் 200 கிலோமீட்டருக்குப் பேச உதவுவது இந்த வகைதான். புயலைத் தொடர்வதற்கு அல்ல, புயலுக்குப் பிறகு உதவுவதற்கு உரிய ஆன்டெனா இது.

மின்னலிடம் எல்லாக் கம்பிகளும் சமம். இடி தலைக்கு மேல் வந்ததும் வண்டியை மரத்தடி இல்லாத இடத்தில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, மைக்கைக் கீழே வைத்துவிட வேண்டும். செட்டிலிருந்து கேபிளைக் கழற்றுவதாக இருந்தால் அதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும்.

இப்போது என் வண்டியின் கூரை நடுவில் கால் அலை நிற்கிறது. நீண்ட கம்பி பின்சீட்டுக்கு அடியில் படுத்திருந்து மானாமதுரைக்குக் கிழக்கே மட்டும் எழுகிறது. போன ஐப்பசியில் ஒரு கிளை கால் அலையை அடியோடு ஒடித்தபோது, சாலையோர வெல்டிங் பட்டறையில் ஒரு பித்தளைக் கம்பியை வாங்கி, 50 சென்டிமீட்டருக்கு நறுக்கி, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பார்த்தபடி நுனியை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அராவி, அரை மணி நேரத்தில் மறுபடி பேசத் தொடங்கினேன். நீண்ட கம்பியின் காயில் ஒடிந்திருந்தால் அன்று மழையைப் பார்த்துக்கொண்டு டீ குடித்திருக்க வேண்டியதுதான்.