ஓடிஜியா, தோசைக்கல்லா? வேலூர் வீட்டில் பன்னிரண்டு பேருக்குப் பீட்சா

உறவினரும் நண்பர்களுமாகப் பன்னிரண்டு பேரை ஒரு மாலை வீட்டுக்கு அழைத்துப் பீட்சா செய்து தர நினைப்பவர், மேலே எதைத் தூவுவது என்று யோசிப்பதற்கு முன்பே எதில் சுடுவது என்பதை முடிவு செய்துவிட வேண்டும். அழைத்தவர் விருந்தினரோடு உட்கார்ந்து பேசுவாரா, சமையலறையிலேயே நிற்பாரா என்பது அதைப் பொறுத்தே அமைகிறது.

இத்தாலியின் நாப்போலி நகரப் பாணிப் பீட்சா, விறகு அடுப்பில் 430 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் 60 முதல் 90 விநாடிகளில் வெந்துவிடும். நம் வீடுகளில் உள்ள ஓடிஜி என்னும் சிறு மின்னடுப்பு பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடுவதால், ஒன்று வேகப் பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் ஆகும்; கதவைத் திறக்கும்போதெல்லாம் சூடும் இறங்கும். ஒவ்வொன்றாகச் சுட்டால் பன்னிரண்டு பேருக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகிவிடும். எங்கள் வீட்டில் முதல்முறை அப்படித்தான் நடந்தது. கடைசியாகத் தட்டு வந்தபோது சித்தப்பா தயிர்சாதம் சாப்பிட்டு முடித்திருந்தார். ஆனாலும் மேல்கம்பியின் சூட்டில் சீஸ் பொன்னிறமாகச் சிவப்பது ஓடிஜிக்கே உரிய சிறப்பு. ஐந்தாறு பேர் என்றால் நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.

பன்னிரண்டு பேருக்கு இரண்டு கனத்த இரும்புத் தோசைக்கற்களே ஏற்றவை. தட்டிய மாவை ஒரு பக்கம் இரண்டு நிமிடம் வேகவிட்டுத் திருப்பி, வெந்த பக்கத்தின் மேல் தக்காளிச் சாறும் சீஸும் பரப்பி, மூடி போட்டுச் சிறுதீயில் நான்கைந்து நிமிடம் வைத்தால் போதும். கல்லில் தோசை வார்ப்பதைப் போலச் சுடச்சுட ஒவ்வொன்றாக எடுத்துத் தரலாம், வந்தவர்களும் கைகொடுப்பார்கள். இதிலும் குறை உண்டு: சூடு கீழிருந்து மட்டுமே வருவதால் சீஸ் உருகுமே தவிரச் சிவக்காது. மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாகச் சேரும் நீர் சொட்டி, சீஸின் மேல் வெண்குழிகளாக நிற்கும். மூடிக்குள் ஒரு பருத்தித் துணியை இறுகக் கட்டிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

மொட்டை மாடியில் செங்கல் அடுப்பு கட்டுவது இவ்விரண்டையும் விட நல்ல சுவை தரும். ஆனால் வேலூர் மே மாதத்தில் பொழுது சாய்ந்த பிறகும் தளம் கொதிக்கும் என்பதால், அதை மார்கழிக்கு ஒத்திவைப்பதே நல்லது.

மாவிலும் இரண்டு வழிகள் உண்டு. அன்றே பிசைந்து வெளியில் வைத்தால், நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்திலேயே பொங்கி, விருந்தினர் வருவதற்குள் அமுங்கிப் புளித்துவிடும். முந்தைய இரவே 1.2 கிலோ மைதாவில் 750 மில்லி குளிர்ந்த நீர், 24 கிராம் உப்பு, 3 கிராம் உலர் ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்தால் மெதுவாகப் புளித்து மணமும் கூடும்; மறுநாள் பன்னிரண்டு உருண்டைகளாக்கி, சுடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்தால் போதும்.

தோசைக்கல்லில் மேலே இடும் காய் வேகாது என்பதால், அதை முன்கூட்டியே வதக்கியாக வேண்டும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை மெல்லிய வில்லைகளாக அரிந்து, சின்ன வெங்காயத்தோடு நல்லெண்ணெயில் வதக்கிக் காலையிலேயே எடுத்து வைத்துவிடலாம். குடைமிளகாயைக் கேட்டு அடம்பிடித்த அத்தை வீட்டுப் பிள்ளைகள், போன முறை இந்தக் கத்தரிக்காய் வைத்ததைத்தான் மறுபடியும் கேட்டு வாங்கினார்கள்.