ரிப்பேருக்குப் போய்வந்த டெம்பரேச்சர் கண்ட்ரோலரை அப்படியே நம்பி ஓட்டாதீர்கள்

பால், ஐஸ்கிரீம், சாயப்பட்டறை, பாய்லர் என்று எந்த யூனிட்டில் வேலை பார்த்தாலும் சரி, சூட்டை அளந்து கட்டுப்படுத்தும் மீட்டரான டெம்பரேச்சர் கண்ட்ரோலரையோ, பல இடத்துச் சூட்டைக் காட்டும் ஸ்கேனரையோ வெளியே ரிப்பேருக்குக் கொடுக்கிறவர்கள் இதை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். ஈரோடு மாவட்டத்தில் ஒரு சின்ன பால் பதப்படுத்தும் ஆலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். எங்களை ஏமாற்றியது ஒரு சர்வீஸ் சென்டர். பெயரை இங்கே போடவில்லை. போன பணத்தைக்கூட விட்டுவிடலாம். அவர்கள் செய்துவைத்த காரியத்தால் சரியாகக் காயாத பால் பாக்கெட்டில் ஏறி குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்குப் போயிருக்கும். அதை நினைத்தால் இன்றும் கோபம் அடங்கவில்லை.

பாலைச் சூடாக்கிக் கிருமிகளைக் கொல்லும் பாஸ்டரைசர் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலை 71.5 டிகிரியில் குறைந்தது 15 நொடி, இல்லையென்றால் 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்திருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. காசநோய்க் கிருமி, புரூசெல்லா, கியூ காய்ச்சல் உண்டாக்கும் காக்சியெல்லா போன்றவை அந்தச் சூட்டில்தான் சாகும். எங்களுடையது 15 நொடி வகை. சூடான பால் அந்த 15 நொடியைக் கழிக்கும் ஹோல்டிங் டியூப் என்ற குழாயைக் கடந்து வரும் இடத்தில், சூட்டுக்கேற்ப ரெசிஸ்டன்ஸ் மாறும் ஒரு பி.டி. 100 சென்சார் இருக்கிறது. அங்கிருந்து கேபிள் ஜங்ஷன் பாக்ஸ் வழியாக பேனலில் உள்ள கண்ட்ரோலருக்கு வரும். 74-ல் செட் செய்து ஓட்டுவோம். 72-க்குக் கீழே இறங்கினால் டைவர்ட் வால்வு திரும்பி, பாலை மறுபடி சூடாக்கும் முன் நிற்கும் பேலன்ஸ் டேங்குக்கே அனுப்பிவிடும். ஆக, பால் பாக்கெட்டுக்குப் போகலாமா கூடாதா என்று முடிவு செய்வது அந்த ஒரு சென்சாரும் அந்த ஒரு கண்ட்ரோலரும்தான்.

அதில்தான் கோளாறு வந்தது. ரீடிங் 74-ல் நிற்கும், திடீரென்று 80-க்குத் தாவும், அப்புறம் ‘ஓப்பன்’ (சென்சார் இணைப்பு அறுந்துவிட்டது) என்று காட்டும், மறுபடி 74. வால்வு டக் டக்கென்று முன்னும் பின்னும் அடித்துக்கொண்டே இருந்தது. காலை லோடு நேரம். நிர்வாகத்தில், ஏற்கனவே வேறு மீட்டர்களை ரிப்பேர் செய்து கொடுத்திருந்த அந்த சர்வீஸ் சென்டரையே கூப்பிட்டார்கள்.

வந்தவர் பேனலைத் திறந்தார். கையில் மல்டிமீட்டர் இருந்தது, ஆனால் சென்சார் ஒயரைக் கழற்றி ஒரு ஓம் ரீடிங்கூட எடுக்கவில்லை. கண்ட்ரோலரை இரண்டு தட்டு தட்டிவிட்டு, “இன்புட் கார்டு போயிருச்சுங்க சார், எடுத்துட்டுப் போய்த்தான் பார்க்கோணும்” என்றார். சென்சார் சிக்னலை வாங்கும் உள் போர்டைத்தான் இன்புட் கார்டு என்பார்கள். அதுவரைக்கும் ஒரு பழைய கண்ட்ரோலரை மாட்டிவிட்டுப் போனார். அதுவும் அவ்வப்போது தாவியது. மீட்டரை மாற்றியும் அதே கோளாறு வந்தால் கோளாறு மீட்டரில் இல்லை, வெளியே ஒயரிலோ சென்சாரிலோ இருக்கிறது. இந்தத் தொழிலில் முதல் நாள் சேர்கிற பையனுக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். அதைக் கேட்டபோது, “ஸ்பேர் மீட்டர் பழசுங்க சார், அப்படித்தான் இருக்கும்” என்று பதில் வந்தது.

சில நாளில் கண்ட்ரோலர் திரும்பி வந்தது. அவரே வந்து மாட்டினார், ஜங்ஷன் பாக்ஸ் பக்கமும் போய்வந்தார். ரீடிங் கல் மாதிரி நின்றது. பில்லில் புது இன்புட் கார்டு, சர்வீஸ் சார்ஜ், காலிபரேஷன் சார்ஜ், கூடவே மீட்டர் சரியாகக் காட்டுகிறது என்று சோதித்துச் சொல்லும் ஒரு காலிபரேஷன் சர்டிபிகேட். பழைய கார்டைக் கேட்டதற்கு, எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது என்றார்கள்.

கொஞ்ச நாள் எந்தத் தொந்தரவும் இல்லை. அப்புறம் ஒரு நாள் காலை எங்கள் லேப் கெமிஸ்ட் அக்கா ஓடிவந்து, பாஸ்படேஸ் டெஸ்டில் நிறம் வருகிறது என்றார். பச்சைப் பாலில் இயல்பாகவே இருக்கும் நொதி அது. பால் சரியாகக் காய்ந்திருந்தால் அது அழிந்திருக்க வேண்டும். நிறம் வந்தால் பால் காயவில்லை, அல்லது காய்ந்த பாலில் எங்கேயோ பச்சைப் பால் கலக்கிறது என்று அர்த்தம். பேக்கிங்கை நிறுத்தச் சொல்லிவிட்டு முதலில் சூடேற்றும் பிளேட்டுகளில் கசிவு இருக்குமோ என்றுதான் சந்தேகப்பட்டோம். அதற்குள் அக்கா ஹோல்டிங் டியூப் ஓரத்தில் இருக்கும் கண்ணாடித் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு வந்து, “தம்பி, அது எழுபதைக்கூடத் தொடலை” என்றார். பேனலில் ஜம்மென்று 74 காட்டிக்கொண்டிருந்தது.

டேங்கில் இருந்த பால் முழுவதையும் நிறுத்தி வைத்தோம். அவர் மட்டும் அன்றைக்கு அந்த டெஸ்டைப் போடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

பேனலைத் திறந்து பார்த்ததும் விஷயம் வெளியே வந்துவிட்டது. பி.டி. 100 சென்சாரில் மூன்று ஒயர் வரும், இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை. சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். சராசரியாக 0.385 ஓமுக்கு ஒரு டிகிரி. இவ்வளவு சின்ன கணக்கில் கேபிளின் சொந்த ரெசிஸ்டன்ஸே ரீடிங்கைக் கெடுத்துவிடும். அதற்காகத்தான் இரண்டாவது சிவப்பு ஒயர். அதை வைத்து கண்ட்ரோலர் கேபிள் ரெசிஸ்டன்ஸை அளந்து கழித்துக்கொள்ளும். எங்கள் கேபிளில் அந்த இரண்டாவது சிவப்பு ஒயர்தான் ஜங்ஷன் பாக்ஸுக்குள் கேபிள் நுழையும் கிளாண்டில் நசுங்கி அறுந்திருந்தது. ரீடிங் தாவியதற்கும் ‘ஓப்பன்’ வந்ததற்கும் அதுதான் காரணம். பாக்ஸைத் திறந்து பார்க்கிற யாருக்கும் தெரிகிற மாதிரி, நுனியில் உரிந்த செம்பு கறுத்துப்போய்த் தொங்கியது.

ரிப்பேர் செய்ய வந்தவரும் அதைப் பார்த்திருக்கிறார். புது கேபிள் இழுக்காமல், கண்ட்ரோலர் டெர்மினலில் இரண்டு சிவப்புக்கும் நடுவே விரல்கடை நீள ஒயரை ஜம்பர் போட்டுவிட்டார். நுனியில் மாட்டும் ஃபெரூல் என்ற உலோகக் குப்பிகூட இல்லாமல் முறுக்கிச் சொருகிய ஒயர். அதற்கப்புறம் கேபிள் ரெசிஸ்டன்ஸ் பூஜ்யம் என்று கண்ட்ரோலர் நினைத்துக்கொள்ளும். எங்கள் கேபிள் அரை ஸ்கொயர் எம்.எம்., இருபது மீட்டர். போக வர ஒன்றரை ஓம் வரும். அதாவது உண்மையான சூட்டைவிட 3.9 டிகிரி கூடுதலாகக் காட்டும். அதை மறைக்க, ரீடிங்கோடு ஒரு எண்ணைக் கூட்டவோ கழிக்கவோ செய்யும் கண்ட்ரோலரின் பயாஸ் செட்டிங்கில் மைனஸ் 3.9 என்று போட்டிருக்கிறார். கூடுதலாகக் காட்டுவதைக் கழித்துவிட்டால் அந்த நேரத்துக்கு டிஸ்ப்ளே கண்ணாடித் தெர்மாமீட்டரோடு ஒத்துப்போகும். நாங்களும் மாட்டிய அன்று ஒத்துப் பார்த்தோம், சரியாகத்தான் இருந்தது.

பயாஸ் என்ற வசதியே தப்பு என்று சொல்லவில்லை. சென்சாருக்கும் ஒப்பிட்டுப் பார்க்கும் மாஸ்டர் கருவிக்கும் இடையே அரை டிகிரி வித்தியாசம் இருந்தால், அதை எழுதிவைத்துத் திருத்துவதற்காகத்தான் அது இருக்கிறது. அறுந்த ஒயரை மறைப்பதற்கு இல்லை. ஜம்பருக்கு அப்புறம் அந்த லைனில் எங்கே எவ்வளவு ரெசிஸ்டன்ஸ் ஏறினாலும் அது முழுதாக ரீடிங்கில்தான் ஏறும். அவர் ஜங்ஷன் பாக்ஸ் கிளாண்டைத் திரும்ப முறுக்கவும் இல்லை. தினமும் சி.ஐ.பி. முறையில், அதாவது குழாய்களைக் கழற்றாமலே கழுவும்போது காஸ்டிக் ஆவியும் தண்ணீரும் உள்ளே போய் டெர்மினலில் பச்சைக் களிம்பு பிடித்துவிட்டது. களிம்பு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் கூடும், ரெசிஸ்டன்ஸ் கூடக் கூட டிஸ்ப்ளே மேலே போகும். டிஸ்ப்ளே மேலே போனால் கண்ட்ரோலர் ஸ்டீம் வால்வைக் குறைக்கும். பால் ஆறிக்கொண்டே போகும், பேனல் மட்டும் 74-ல் அசையாமல் நிற்கும், டைவர்ட் வால்வுக்கு எதுவுமே தெரியாது. பழைய கோளாறில் மீட்டர் தாவியது, நாங்கள் பால் ஓட்டுவதை நிறுத்தினோம், யாருக்கும் ஆபத்து இல்லை. அவர் ‘ரிப்பேர்’ செய்த பிறகுதான் ஆபத்தே வந்தது.

பயாஸில் போட்டிருந்த அந்த எண்ணைக் கண்டுபிடிக்க மட்டும் எங்களுக்குக் கொஞ்சம் பாடாகிவிட்டது, ஏனென்றால் கண்ட்ரோலருக்கு அவர் புது பாஸ்வேர்டு போட்டு வைத்திருந்தார். செட்டிங்குக்குள் போகவே முடியவில்லை. எங்கள் எலக்ட்ரீஷியன் தம்பிதான் சென்சார் ஒயரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் 100 ஓம் துல்லிய ரெசிஸ்டரை மாட்டிப் பார்த்தார். 0.0 காட்ட வேண்டிய மீட்டர் மைனஸ் 3.9 காட்டியது. பாஸ்வேர்டு தெரியாமலேயே உள்ளே என்ன செய்து வைத்திருக்கிறார் என்று தெரிந்துவிட்டது. அப்புறம் தயாரிப்பு கம்பெனியிடம் கேட்டு ரீசெட் செய்து பார்த்தோம், பயாஸில் அதே எண்.

இன்புட் கார்டு கதையும் பொய்தான். மீட்டர் வெளியே போகும் முன் தம்பி அதைத் திறந்து போர்டை போனில் படம் எடுத்து வைத்திருந்தார். அதே சீரியல் ஸ்டிக்கர், அதே ஓரத்துக் கீறல், ஒரு சால்டர்கூடத் தொடப்படவில்லை. போடாத கார்டுக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

சர்டிபிகேட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஆடிட்டில் எல்லோரும் அந்தக் காகிதத்தைத்தான் பார்க்கிறார்கள். 0, 50, 100 டிகிரி மூன்றிலும், ஏறும்போதும் இறங்கும்போதும், பிழை 0.0 என்று அச்சடித்திருந்தது. பயாஸ் மைனஸ் 3.9-ல் இருக்கும் மீட்டரை, சென்சாருக்குப் பதிலாகச் சிக்னல் கொடுக்கும் சிமுலேட்டரில் மாட்டினால் அப்படி வரவே வராது. ஆக ஒன்று, மீட்டரை மாட்டிப் பார்க்காமலே சர்டிபிகேட் அடித்திருக்கிறார்கள், இல்லை, சர்டிபிகேட் கொடுத்த பிறகு எங்கள் பேனலில் நின்றுகொண்டு செட்டிங்கை மாற்றியிருக்கிறார்கள். இரண்டில் எது நடந்திருந்தாலும் அந்தக் காகிதம் செல்லாது. மாஸ்டர் கருவியின் சீரியல் எண் இல்லை, அது எப்போது காலிபரேட் ஆனது என்று இல்லை, அளவில் எவ்வளவு தப்பு இருக்கலாம் என்று சொல்லும் அன்சர்டென்ட்டி என்ற வரியே இல்லை. ஆனால் மேலே, லேப்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் முத்திரை மட்டும் பளிச்சென்று இருந்தது. உண்மையான என்.ஏ.பி.எல். சர்டிபிகேட்டில் யு.எல்.ஆர். என்று தொடங்கும் ஒரு எண் இருக்கும். அந்த லேப் எந்தெந்த அளவீட்டுக்கு அங்கீகாரம் வாங்கியிருக்கிறது என்பதை என்.ஏ.பி.எல். இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். நாங்கள் தேடினோம். அந்தப் பெயரில் எதுவும் வரவில்லை.

ரிப்பேர் செய்தவருக்குப் போன் செய்து கேட்டோம். அவர் கொஞ்சமும் பதறவில்லை. “மீட்டரு கரெக்டா காட்டுச்சுங்களா இல்லீங்களா? ஒயர் போனதுக்கு நான் என்னங்க பண்றது?” என்றார். ஒயர் போனது தெரியும் என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று முதலாளியிடம் சொன்னார்கள், இதுவரை வரவில்லை. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா என்று வக்கீலிடம் கேட்டோம். 2019-ம் ஆண்டு சட்டத்தில் வணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவைக்கு அந்த வழி கிடையாது, நோட்டீஸ் அனுப்பி சிவில் வழக்குதான் போட வேண்டும் என்றார். நோட்டீஸ் போயிருக்கிறது.

இப்போது எங்கள் ஆலையில் ஒன்றை வழக்கமாக்கிவிட்டோம். மீட்டரில் கோளாறு என்று யார் சொன்னாலும் அது கேட்டைத் தாண்டும் முன் சென்சார் ஒயரைக் கழற்றி ஓம் பார்க்கிறோம். சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே, அறை வெப்பம் 30 டிகிரி என்றால் 112 ஓமை ஒட்டியும் அதோடு கேபிளின் ஓமும் வர வேண்டும். இரண்டு சிவப்புக்கும் நடுவே கேபிளின் ஓம் மட்டும், எங்களுக்கு ஒன்றரை. அங்கே ஓப்பன் காட்டினால் அந்த ஒயர் போய்விட்டது, மீட்டரைத் தொட வேண்டியதே இல்லை. ஓம் சரியாக இருந்தால் மட்டும் 100 ஓம் ரெசிஸ்டரை மாட்டி மீட்டரைச் சோதிக்கிறோம். ரெசிஸ்டர் 0.1 சதவீதத் துல்லியம் உள்ளதாக இருக்கட்டும். கடையில் சும்மா கிடைக்கும் தங்கக் கோடு போட்டது 5 சதவீதம், அதில் 5 ஓம் தப்பினாலே 13 டிகிரி தப்பிவிடும். ரெசிஸ்டர் இல்லையென்றால், டெர்மினலில் ஜம்பர் இல்லை என்று பார்த்துவிட்டு, தெர்மோஸ் பிளாஸ்கில் நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு, சென்சாரை அதில் நன்றாக முக்கி, 0 காட்டுகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் மீட்டரைக் கொடுக்கும் முன் எல்லா செட்டிங்கையும், குறிப்பாக பயாஸையும் பாஸ்வேர்டையும், நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் ஒப்பிடுங்கள். பாஸ்வேர்டு மாறியிருந்தால், அதைச் சொல்லும்வரை பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள். மாற்றிய பழைய பாகம் கைக்கு வர வேண்டும் என்று வேலை ஆர்டரிலேயே எழுதுங்கள்.

ஏற்கனவே இப்படி ரிப்பேர் ஆகி வந்த கண்ட்ரோலர் உங்கள் பேனலில் இருந்தால், நாளைக்குப் பால் ஓட்டும் முன் அந்த 100 ஓம் சோதனையைச் செய்துவிடுங்கள். டெர்மினலில் ஜம்பர் ஒயர் இருக்கிறதா என்றும் கையோடு பாருங்கள். பூஜ்யத்தில் இருந்து அரை டிகிரிக்கு மேல் விலகினாலோ ஜம்பர் இருந்தாலோ லைனை டைவர்ட்டில் போட்டுவிட்டு, டேங்கில் இருக்கும் பாலுக்குப் பாஸ்படேஸ் டெஸ்ட் முடிகிறவரை ஒரு பாக்கெட்கூட வெளியே விடாதீர்கள்.