டிவியை விட்ட இருவர், விடாத ஒருவர்

1990களில் அமெரிக்க டிவி நடிகர்களுக்கு சினிமாதான் அடுத்த படி. ஒரு தொடர் ஹிட்டானதும் உடனே கிளம்புவதா, ஒப்பந்தக் காலம் முடியும்வரை இருப்பதா என்பது பலருக்கும் வந்த கேள்வி. டேவிட் கருஸோ, ஜார்ஜ் குளூனி இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதற்கு எனக்குத் தெளிவான பதில் கிடைக்கிறது.

இருவருமே இளம் வயதில் அடித்துப் பிடித்து மேலே வந்தவர்கள் இல்லை. 1980களில் சினிமாவில் சின்னச் சின்ன வேடங்களில் வந்துபோன கருஸோவுக்கு, 1993இல் 'என்.ஒய்.பி.டி. ப்ளூ' தொடரின் துப்பறிவாளர் ஜான் கெல்லி பாத்திரம் கிடைத்தபோது வயது 37. குளூனியும் 'ரோசேன்' போன்ற தொடர்களில் தலைகாட்டிவிட்டு, 33 வயதில்தான் 'ஈ.ஆர்.' தொடரின் குழந்தை மருத்துவர் டக் ராஸ் ஆனார்.

கருஸோ முதல் சீசனிலேயே கோல்டன் குளோப் விருது வாங்கினார். சம்பளத்தை உயர்த்திக் கேட்டார், பேச்சு படியவில்லை. இரண்டாவது சீசனில் நான்கே எபிசோடுகளோடு வெளியேறினார். அந்த இடத்துக்கு ஜிம்மி ஸ்மிட்ஸ் வந்தார், தொடர் நிற்காமல் ஓடியது. 1995இல் கருஸோவின் 'கிஸ் ஆஃப் டெத்', 'ஜேட்' இரண்டும் வரிசையாகத் தோற்றன. அவர் மோசமாக நடித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் படம் விழுந்த வாரத்தில் ரசிகர்கள் அவரை வேறெங்கும் பார்க்க வழியில்லை. கையில் வேறு எதுவும் இல்லை.

குளூனிக்கும் தோல்விகள் உண்டு. 1997இல் வந்த 'பேட்மேன் அண்ட் ராபின்' விமர்சகர்களிடம் வாங்கிய அடி கொஞ்சமல்ல. ஆனாலும் வியாழக்கிழமை இரவு பத்து மணி ஆனால் அதே மனிதர் சிகாகோ மருத்துவமனையில் ஏதோ ஒரு குழந்தைக்காக ஓடிக்கொண்டிருப்பார். 1995இல் வந்த ஒரு எபிசோடை மறக்கவே முடியாது. விருந்துக்குப் போகிற கோட்டு சூட்டோடு, கொட்டும் மழையில், வெள்ளம் ஏறும் வடிகாலில் சிக்கிய சிறுவனை டக் ராஸ் மீட்பார். ஹெலிகாப்டர் வெளிச்சத்தில் அந்தப் பையனைத் தூக்கிக்கொண்டு தண்ணீரிலிருந்து எழுவார். இப்படி ஒரு காட்சி மனதில் இருக்கும்போது, ஒரு படம் சரியில்லை என்பதற்காக யார் அவரை ஒதுக்குவார்கள்?

இதற்கு அவர் கொடுத்த விலையும் பெரிது. டிவி சீசன் என்றால் வருடத்துக்கு 22 எபிசோடு. கோடை இடைவெளியில் படம், சில சமயம் இரண்டும் ஒரே நேரத்தில். ஐந்து சீசன் இருந்துவிட்டு 1999 பிப்ரவரியில்தான் கிளம்பினார். அதற்கு முந்தைய வருடமே 'அவுட் ஆஃப் சைட்' வந்து அவரை நல்ல நடிகர் என்று சொல்ல வைத்துவிட்டது. 2006இல் 'சிரியானா'வுக்காக ஆஸ்கர்.

கருஸோவை அத்தோடு முடித்துவிடக் கூடாது. 2002இல் 'சி.எஸ்.ஐ.: மயாமி' என்ற துப்பறியும் தொடர் மூலம் டிவியிலேயே மறுபடி காலூன்றி, பத்து சீசன் நாயகனாக நின்றார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, தலையைச் சாய்த்து அவர் பேசும் விதம் உலகம் முழுக்கப் பிரபலம். விட்டுவந்த இடத்துக்கே திரும்பி உழைத்து ஜெயித்ததற்கு எனக்கு அவர்மீது பெரிய மரியாதை உண்டு. ஆனால் நடுவில் எட்டு வருடம் போய்விட்டது.

அப்புறம், 'என்.ஒய்.பி.டி. ப்ளூ'வில் கருஸோவின் ஜோடித் துப்பறிவாளராக நடித்த டென்னிஸ் ஃப்ரான்ஸ். அவர் தொடரை விடவே இல்லை. பன்னிரண்டு சீசன், டிவிக்கான எம்மி விருது நான்கு. 2005இல் தொடர் முடிந்ததும் நடிப்பிலிருந்தே ஒதுங்கிவிட்டார்.

சரி, எனக்குப் பிடித்த வழி எது? குளூனி வழிதான். காரணம் ஆஸ்கர் அல்ல. 2000 மே மாதம், ஜூலியானா மார்குலீஸ் 'ஈ.ஆர்.' தொடரிலிருந்து விடைபெற்ற எபிசோடு. அவர் நடித்த கரோல் தன் காதலனைத் தேடிப் போகிறாள். சியாட்டில் பக்கம் ஓர் ஏரிக்கரை வீடு. பெயர்ப் பட்டியலில் இல்லை, முன்னறிவிப்பும் இல்லை. அங்கே குளூனி நிற்கிறார்.