காட்ஸ்வோல்ட்ஸா, லேக் டிஸ்ட்ரிக்டா: கார் இல்லாதவர்கள் எங்கே வீடெடுப்பது?

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் ஒரு வாரம் வீடெடுத்து, தாமே சமைத்துத் தங்க விரும்பும் லண்டன்வாசிகள் முதலில் லண்டனுக்கு மேற்கே உள்ள மேட்டு நிலமான காட்ஸ்வோல்ட்ஸையும், அடுத்து இங்கிலாந்தின் வடமேற்கில் ஏரிகளும் மலைகளும் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்டையும் யோசிப்பது வழக்கம். தூரத்தை மட்டும் பார்த்தால் முதலாவதே சரி. லண்டனின் பாடிங்டன் நிலையத்தில் ரயிலேறினால் காட்ஸ்வோல்ட்ஸிலுள்ள மோர்ட்டன்-இன்-மார்ஷுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். லேக் டிஸ்ட்ரிக்டிலுள்ள வின்டர்மியருக்கோ லண்டனின் யூஸ்டன் நிலையத்தில் கிளம்பி, ஆக்ஸன்ஹோமில் வண்டி மாறி, மூன்று மணி நேரத்துக்கும் மேல் போக வேண்டும். ஆனால் இந்தக் கணக்கு ரயிலடியோடு நின்றுவிடுகிறது. வாடகை வீடு பெரும்பாலும் ரயிலடியில் இருப்பதில்லை.

காட்ஸ்வோல்ட்ஸ் கிராமங்கள் அகன்ற மேட்டு நிலத்தில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுக்கிடையே ஓடும் பேருந்துகள் குறைவு, ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் குறைவு. நாங்கள் அங்கே முதன்முறை எடுத்த வீட்டிலிருந்து பால் வாங்கவே இரண்டரை மைல் நடக்க வேண்டியிருந்தது. அதுவும் நடைபாதை இல்லாத, இருபுறமும் வேலி நெருங்கிய சாலையில், கார் வரும்போதெல்லாம் புல்லில் ஒதுங்கி நின்றபடி. லேக் டிஸ்ட்ரிக்டிலோ கெண்டல், வின்டர்மியர், ஆம்பிள்சைடு, கிராஸ்மியர், கெஸ்விக் ஆகிய ஊர்களை 555 எண் பேருந்து ஒரே தடத்தில் கோத்துச் செல்கிறது. வின்டர்மியருக்கும் கிராஸ்மியருக்கும் இடையே 599 எண் பேருந்தும் உண்டு. ஆகவே, தூரமான இடமே கார் இல்லாதவர்களுக்கு வசதியானது என்பது என் முடிவு. வீடு இந்தத் தடத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

வீட்டின் அழகில் காட்ஸ்வோல்ட்ஸுக்கு ஈடில்லை. அங்குள்ள சுண்ணாம்புக்கல் தேன் நிறமுடையது. மாலை வெயில் படும்போது சுவரே உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தோன்றும். பைபரி கிராமத்தின் ஆர்லிங்டன் ரோ, 14-ஆம் நூற்றாண்டில் கம்பளிக் கிடங்காகக் கட்டப்பட்டு, 17-ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்புகளாக மாற்றப்பட்ட வரிசை. இத்தகைய பேர்பெற்ற தெருவில் தங்குபவர் காலையில் திரைச்சீலையை விலக்கினால், எதிரே பத்துப் பேர் படமெடுத்துக்கொண்டு நிற்பார்கள் என்பதையும் வாடகையோடு சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். லேக் டிஸ்ட்ரிக்ட் வீடுகள் ஸ்லேட் கல்லாலானவை. சற்று இருண்டவை, உத்தரம் தாழ்ந்தவை, உயரமானவர்கள் குனிந்தே நுழைய வேண்டியவை. அங்கே பார்க்கத்தக்கது வீடன்று, சன்னலுக்கு வெளியே நிற்கும் மலை.

அந்த மலையை மழை மறைக்கும் நாட்களும் அதிகம். போரோடேல் பள்ளத்தாக்கிலுள்ள சீத்வெயிட்டில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. லண்டனில் பெய்வது சுமார் 600 மட்டுமே. எனவே அங்கே வீடு தேடும்போது படுக்கையறைப் படங்களைவிட, நனைந்த காலணியையும் கோட்டையும் உலர்த்த இடமுண்டா, விறகுக் கணப்பு உண்டா, விறகு வாடகையில் அடங்குமா என்பவற்றையே நான் முதலில் பார்ப்பேன். காட்ஸ்வோல்ட்ஸில் இக்கேள்விகள் அவ்வளவு முக்கியமில்லை.

வாடகை விதிகளில் பெரிய வேறுபாடு கிடையாது. இரண்டு இடங்களிலும் வாரம் பெரும்பாலும் வெள்ளியிலோ சனியிலோ தொடங்கும்; மாலை நான்கு மணிக்குள் சாவி கிடைப்பது அரிது, கிளம்பும் நாளில் காலை பத்து மணிக்கு வீட்டைக் காலி செய்ய வேண்டும். பள்ளி விடுமுறையில் வாடகை எகிறும்.

சமையலறையைப் பற்றி நம்மவர்கள் கேட்க மறப்பது ஒன்றுண்டு. பழைய பண்ணை வீடுகள் சிலவற்றில் ஆகா எனப்படும் வார்ப்பிரும்பு அடுப்பு இருக்கும். அது எந்நேரமும் சூடாகவே இருக்கும், ஆனால் தாளிக்கும்போது தீயைக் கூட்டிக் குறைக்க வழியில்லை. புதுப்பித்த வீடுகளில் இண்டக்‌ஷன் அடுப்பு வந்துவிட்டது; அது அடிப்பாகம் இரும்புள்ள பாத்திரத்தை மட்டுமே சூடாக்கும். ஆம்பிள்சைடுக்கு நாங்கள் பையில் சுமந்து சென்ற இண்டாலியம் குக்கர் அதன்மேல் ஒரு வாரமும் சில்லென்றே உட்கார்ந்திருந்தது. பருப்பைப் பாத்திரத்தில் மூடி ஒன்றரை மணி நேரம் வேகவைத்தோம். முன்பதிவு செய்யும் முன் என்ன அடுப்பு என்று ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தால், அடிப்பாகம் இரும்புள்ள குக்கரை எடுத்துச் சென்றிருப்போம்.